முதலில் என்ன நினைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்

அன்புள்ள சார்,

சென்னையில் ஆறு வருடமாக ஆரக்கிள் டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ வேலை. கம்பெனி இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறுகிறது. நான் எந்தச் சான்றிதழ் தேர்வு எழுதலாம்? கிளவுட் வந்தபின் இந்த வேலை நிலைக்குமா? இன்னொன்று. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து எங்கள் சீனியர், “எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் உனக்கு என்ன மதிப்பு?” என்கிறார். எனக்குத் தெரிந்த கமாண்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் தொகுத்து வைத்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கம்பெனி பணம் கட்டினால் தேர்வு எழுதுங்கள். ‘டம்ப்’ (கசிந்த கேள்விகளின் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்து எழுதுவதாக இருந்தால் அந்த நேரத்தில் தூங்கலாம், உடம்புக்காவது நல்லது. கிளவுட் பற்றியும் பயம் வேண்டாம். டேட்டாபேஸைத் தானே நடத்தித்தரும் கிளவுட் சேவையான அமேசான் ஆர்டிஎஸ் வந்தது 2009-இல். பேக்கப்பை அது பார்த்துக்கொள்கிறது, சரி. யாரோ ஒருவர் நிபந்தனை போட மறந்து டெலீட் அடித்தால், அதையும் அதே சிரத்தையோடு ரெப்ளிகாவுக்கு, அதாவது நகல் சர்வருக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த நேரத்தில் போன் உங்களுக்குத்தான் வரும்.

உங்கள் சீனியரைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருப்பார்கள். அந்த மதிப்பு அவருக்கே இருக்கட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஆனால் அந்த ஃபைல் எதற்கு? கமாண்டுகள் மேனுவலில் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் மேனுவல் இலவசம், நன்றாகவும் எழுதப்பட்டது. பையன்களை அதைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டியது மேனுவலில் இல்லாததை. இரவு இரண்டு மணிக்கு எது கண்ணில் பட்டது, முதலில் என்ன என்று நினைத்தீர்கள், அது ஏன் இல்லை என்று எப்போது தெரிந்தது. ஆறு வருடத்தில் இதை ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறீர்களா? மாட்டீர்கள். நம் ஆட்களுக்கு வெற்றியைத்தான் ஆவணப்படுத்தத் தெரியும்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் டிபிஏ மேஜையில் ஒரு நீள நோட்டு கிடக்கும். நைட் ஷிப்டில் இருப்பவர் அதில் எழுதியாக வேண்டும். ஒரு பக்கம் இன்னும் நினைவிருக்கிறது: “எல்லா செஷனும் நின்றுவிட்டது. லாக் (பூட்டு) பிரச்சினை என்று நினைத்து யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று தேடினேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை. அலர்ட் லாக் (டேட்டாபேஸின் பிழைக்குறிப்பு ஃபைல்) பார்த்தேன். ஆர்க்கைவ் லாக் (மாற்றங்களின் பதிவு) போகும் டிஸ்க் நிரம்பியிருந்தது. முதலிலேயே அலர்ட் லாக் பார்த்திருக்க வேண்டும்.” சேர்ந்த புதிதில் அந்த நோட்டில்தான் நான் ஆரக்கிள் கற்றேன். அந்தப் பதிவை எடுத்துவைக்கும் ஆர்க்கைவர் எழுத இடமில்லாவிட்டால் டேட்டாபேஸே ஏன் நின்றுபோகிறது என்று மேனுவலைத் தேடவைத்ததும் அதுதான். பிறகு டிக்கெட் மென்பொருள் வந்தது, நோட்டைத் தூக்கிப் போட்டார்கள். அதே கோளாறு அதில் “இடப் பற்றாக்குறை, சரிசெய்யப்பட்டது” என்று பதிவாகும். இதைப் படித்து யார் எதைக் கற்பது?

மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப், தன் டேட்டாபேஸ் விபத்தைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்திருக்கிறீர்களா? 2017 ஜனவரி 31. அறுந்துபோன ரெப்ளிகாவை மறுபடி அமைக்க, அதன் டேட்டா டைரக்டரியைக் காலிசெய்யப் போன பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரெஸிலிருந்து பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப் 9.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸோ 9.6. தன்னைவிடப் புதிய சர்வரை பிஜி டம்ப் தொடாது, தினமும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு வந்தன. பேக்கப் போய்ச் சேர வேண்டிய அமேசான் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட் காலி. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்கின் அந்த நேரத்து நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான்.

இத்தனையையும் அவர்களே எழுதினார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அறிக்கையில் அந்தப் பொறியாளருக்குப் பெயர் கிடையாது, ‘டீம் மெம்பர் 1’. இங்கே நம் அலுவலகம் என்றால் அவர் பெயர் மட்டும்தான் வெளியே வந்திருக்கும். அதைப் படித்த அன்று என் சர்வர்களில் பிஜி டம்ப் எந்தப் பதிப்பு என்று போய்ப் பார்த்தேன். எந்தக் கமாண்டுப் பட்டியலும் என்னை அப்படி எழுந்துபோக வைத்ததில்லை.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. ஃபைலைக் கொடுங்கள், கேடொன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் அந்தப் பையன்களில் ஒருவரிடம் நேற்றைய பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள். எங்கெல்லாம் மாட்டினார், என்ன நினைத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஐபி முகவரி, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு.