‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

கேள்வி: எனக்கு 44 வயது. ஆறு மாதமாக நித்திரை இல்லை, எதற்கெடுத்தாலும் கோபம். பிள்ளைகள் கிட்ட வரவே பயப்படுகிறார்கள். இரவில் கொஞ்சம் எடுத்தால்தான் கண் மூடுகிறது. மனிசியின் கரைச்சல் தாங்காமல் மூன்று தடவை உளவளத்துணைக்குப் போனேன். தலையிடி, நித்திரைக் குறைவு என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சும்மா கதைப்பதால் என்ன வரப்போகிறது? ஆம்பிளைக்கு இதெல்லாம் தேவையா?
– பெயர் வேண்டாம், உவர்மலை, திருகோணமலை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். தேவை. மனச்சோர்வு என்றதும் மூலையில் இருந்து அழுகிற ஆளைத்தான் நினைக்கிறோம். ஆண்களிடம் அது அப்படி வருவது குறைவு. சிடுசிடுப்பு, நெஞ்செரிவு, நாரிப்பிடிப்பு, மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, ஞாயிறும் ஓயாமல் வேலை செய்வது என்று வேறு முகங்களில் வரும். உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபமும் தலையிடியும் அப்படிப்பட்ட முகங்களாக இருக்கலாம்.

இனி அந்த மூன்று தடவை. எங்களுக்கு எழுதிய கோபத்தையும், பிள்ளைகளின் பயத்தையும், இரவில் எடுக்கும் ‘கொஞ்ச’த்தையும் அவருக்கு ஏன் சொல்லவில்லை? தலையிடியை மட்டும் கொடுத்தால் அவர் தலையிடியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த தடவை போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன மாறியது, எப்போதிருந்து, எதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாவதை முதலில் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கி வைத்தால் அதை எடுத்துப் பார்க்க நேரம் இருக்காது. வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள், அதுவும் கதைப்பதுதான்.

‘கொஞ்சம்’ என்பதையும் அளவோடு சொல்ல வேண்டும். கால் போத்தல் சாராயமா, அரைப் போத்தலா, கிழமைக்கு எத்தனை இரவு? மது கண்ணை மூட வைக்கும். ஆனால் இரவின் பின்பாதியில் நித்திரையைக் கலைத்துவிடும். மூன்று மணிக்கு விழித்துக் கூரையைப் பார்ப்பது அதனால்தான். விடிந்தால் மனம் இன்னும் கீழே. அன்று இரவு இன்னும் கொஞ்சம். இதை மறைத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது. அதற்காக, நாளாந்தம் கூடுதலாகக் குடிப்பவர் என்றால் இன்றே அடியோடு நிறுத்தவும் வேண்டாம். முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்போ, இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாற்றமோ வந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக இறங்குங்கள். அதே போக்கில் தைரொயிட்டுக்கான ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். தைரொயிட் குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்துபோவார்.

‘சும்மா கதைப்பது’ என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. கிழமை முழுக்க நடந்ததை ஒப்புவித்துவிட்டு வருவது சிகிச்சை அல்ல. ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். அதில் அவர் முன்னால் இருப்பது ஒன்று. மிச்சம் 167இல் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பலன். ஆகவே ஒவ்வொரு தடவையும் எழும்பும்போது, “அடுத்த முறை வருமுன் நான் செய்ய வேண்டியது என்ன?” என்று கேளுங்கள்.

அது எப்படியிருக்கும் என்றால்: முதல் கிழமை ஒரு கொப்பியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்ன செய்தீர்கள், மனநிலை பத்தில் எத்தனை என்று குறியுங்கள். நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்திருப்பீர்கள். கணக்கில் அப்படி வராது, எங்கோ 2 நாலாகியிருக்கும். அந்த நாலு எங்கே வந்ததோ அதைக் கூட்டுவதுதான் அடுத்த வேலை. உட்துறைமுக வீதியில் நடந்த அன்று வந்திருந்தால், திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரைக்குப் பத்து நிமிட நடை. நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். முதல் நாளே உப்புவெளி வரை ஓடி, மூன்றாம் நாள் படுத்து, “என்னால் எதுவும் முடியாது” என்பதற்குப் புதுச் சாட்சியும் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொரு சறுக்கல், மனம் வரட்டும் என்று காத்திருப்பது. இந்த நோயில் செயல் முந்தும், மனம் பிந்தித்தான் வரும். நடந்தீர்களா என்பதுதான் கணக்கு, ரசித்தீர்களா என்பதல்ல.

முன்னேற்றத்தையும் அளக்கலாம். பி.எச்.கியூ.-9 என்று மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள் உண்டு. கடந்த இரண்டு கிழமையை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய சோர்வு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிரப்பிக் கொண்டுபோங்கள். ஐந்து புள்ளி இறங்கினால் அது உண்மையான மாற்றம். மூன்று தடவையில் தீர்ப்பெழுதுவது அவசரம். பிரித்தானியாவின் 2022 மருத்துவ வழிகாட்டல், கடுமையான மனச்சோர்வுக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்றால் 16 தடவை அளவில் என்கிறது. ஆனால் ஐந்தாறு தடவைக்குப் பிறகும் புள்ளி அசையவில்லை என்றால் பொறுமை காக்க வேண்டியதில்லை. 1979இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் சொன்ன மூன்றையும் பாருங்கள்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு உண்டா, அதற்கான வேலையில் உண்டா, ஆளில் நம்பிக்கை உண்டா? இல்லாததை உளவளத்துணையாளரின் முகத்துக்கே சொல்லுங்கள். “ஓம் மிஸ், சரி சேர்” என்று தலையாட்டிவிட்டு அடுத்த தவணைக்குப் போகாமல் விடுவதுதான் நம் ஆண்களின் வழக்கம். சொல்லியும் சரிவராவிட்டால் ஆளை மாற்றலாம்.

உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டார், உளநல மருத்துவர் எழுதுவார். தேவைப்பட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும். குளிசை வேலைசெய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். சுகமானதும் தானாக நிறுத்தக் கூடாது, குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் தவணையைக் காத்திருக்காதீர்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள். அது தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வேறு வீட்டுக்குப் போகட்டும்.

கடைசியாக, அந்தக் ‘கரைச்சல்’. ஒரு தவணைக்கு மனிசியையும் கூட்டிப்போங்கள். நீங்கள் எப்போது மாறினீர்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும், மாதம் திகதியோடு சொல்வார்.