வரும்... ஆனா வராது!

கேள்வி: எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் எப்போது என்று கேட்டால் 'வரும், ஆனா வராது' என்கிறார்கள். படத்திலும் இதே பொருள்தானா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இல்லை. 2007-ல் வந்த 'தொட்டால் பூ மலரும்' படத்தில் வாடகை கார் வருமா என்று கேட்கும் வடிவேலுவுக்கு 'என்னத்த' கண்ணையா சொல்லும் பதில் அது. அலுத்துக்கொள்ளும் இழுவைக் குரலில்தான் பாதிச் சிரிப்பு. 'வரும்...' என்று நிறுத்தி, கேட்டவர் முகம் மலர்ந்த பிறகுதான் 'வராது' விழும். எழுத்தில் அந்த இடைவெளி போய், வெறும் முரண் மட்டும் மிஞ்சுகிறது.

உங்கள் ஊரில் அதன் அர்த்தம் வேறு. மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டிக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடும். ஆக 'வரும்' என்பதும் உண்மை, 'வராது' என்பதும் உண்மை. படத்தில் கோணங்கித்தனம், இங்கே புகார். என்னைக் கேட்டால், இங்கேதான் பொருத்தம் கூடுதல்!

இப்படிப் படத்தை விட்டு வெளியே வந்த இன்னொரு வசனம் 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' அது அப்படிப் பொருந்தவில்லை, அதற்குச் சேதம் அதிகம். 'நாயகன்' (1987) படத்தின் இறுதியில் பேரன் தாத்தாவிடம் கேட்பது. 'தெரியலையேப்பா' என்ற பதிலில்தான் கனமே. இப்போது பதிலை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் டீக்கடைக் கிண்டலுக்கு எடுத்துக்கொண்டார்கள். வசனத்தை மேற்கோள் காட்டும்போது யார், யாரிடம், அடுத்த வரி என்ன என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.