மலையும் ஒரு தீவுதான்

அன்புள்ள ஐயாவுக்கு,

கனடாவில் இருக்கும் என் அண்ணன் சென்ற விடுமுறையில் கலபகோஸ் போய், சிறிய கப்பலொன்றில் தீவு தீவாகச் சுற்றி வந்தார். கடல் இகுவானாக்களையும் நீலக்கால் பறவைகளையும் கடற்சிங்கங்களையும் ஒரே நாளில் மிக அருகில் பார்த்ததாக எழுதி, படங்களும் அனுப்பியிருந்தார். அவற்றை வகுப்பில் காட்டியபோது, "டீச்சர், நம்ம காட்டுல மட்டும் ஏன் எல்லாம் ஓடி ஒளியுது?" என்று ஒரு பையன் கேட்டான். நம் இலங்கை மலைநாட்டில் அப்படி ஒரு நாள் வாய்க்குமா?

ஓர் ஆசிரியை, ஹட்டன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கலபகோஸ், தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, எரிமலைகளால் உருவான தீவுக்கூட்டம். தரையில் வேட்டையாடும் பெரிய மிருகம் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. மனிதரும் மிகப் பிந்தியே போனார்கள். ஆகவே நெருங்கி வருவதைக் கண்டு ஓடும் பழக்கம் அவ்வுயிர்களுக்கு ஏற்படவில்லை. நம் மலையிலோ சிறுத்தை இருக்கிறது. போதாததற்கு வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கியும் வந்தது. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில்தான் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானையே இல்லை. அங்கே வாகனங்களை ஒட்டி வந்து நிற்கும் மரையைக் காட்டி, இதற்கும் பயமில்லைதானே என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். தின்பண்டம் கொடுத்துக் கொடுத்து நாம் கெடுத்துவைத்த மரை அது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் அச்சமின்மையைவிடப் பெரிய அதிசயம் ஒன்று அத்தீவுகளில் உண்டு. அது நம்மிடமும் இருக்கிறது. 1835 இல் அங்கே இறங்கிய டார்வின், மொக்கிங்பேர்ட் என்னும் சாம்பல்நிறப் பறவை ஒரு தீவில் ஒரு விதமாகவும் இன்னொரு தீவில் வேறு விதமாகவும் இருப்பதைக் கவனித்தார். நம் ஓணான்களைப் பாருங்கள். ஹக்கலயிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருப்பதற்கு மூக்கின் நுனியில் கூரிய கொம்பு. நக்கிள்ஸ் மலையில் இருக்கும் அதன் உறவுக்கு அதே இடத்தில் இலை போன்ற தட்டையான மடல். குளிர்ந்த ஈரக்காட்டை விட்டுச் சூடான தாழ்நிலத்தில் இறங்கி வாழ முடியாத உயிருக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவுதான். கடல் இகுவானா உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகச் சீறித் துப்புவதை உங்கள் அண்ணன் பார்த்திருப்பார். பாசி படர்ந்த மரத்தில், பாசியின் நிறத்திலேயே, அசையாமல் ஒட்டியிருக்கும் கொம்போணானைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அதற்குக் குறையாத மகிழ்ச்சி கிடைக்கும். அந்த ஓணான் உலகில் வேறெங்கும் இல்லை.

அண்ணனின் பயணத்திலிருந்து நாம் கற்க வேண்டியது, அந்த நாள் நடத்தப்படும் விதம். கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும். காலையில் சிறு படகில் கரையிறங்கினால் ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் இல்லை. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, விலங்குக்கும் ஆளுக்கும் இடையில் இரண்டு மீட்டர் இருக்க வேண்டும், ஒரு தீவின் விதை மறு தீவுக்குப் போகாதபடி சப்பாத்தையும் கழுவ வேண்டும். (வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கோர்ஸ் முட்புதர் ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.) இங்கே நாம் விடியற்காலையில் கூட்டமாக வந்து, மூடுபனி ஏறுவதற்குள் ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவிட வேண்டுமென்று ஓடுகிறோம், வழியெல்லாம் சத்தம்.

எனவே நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றிப் போகாதீர்கள். பத்துப் பதினைந்து பேராகப் பிரித்து, முதலில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். இமயத்தின் வடமேற்கில் முட்டையிடும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அப்போது அங்கே தங்கியிருக்கும். ஹக்கலவுக்குப் போகும் நாளில் ஒரே ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். அண்ணன் அனுப்பிய படங்களில் மொக்கிங்பேர்ட் இருந்தால், அதை நம் இரண்டு ஓணான்களின் படத்துக்கு அருகில் வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள்.