மிக்ஜாம் புயலுக்கு வாங்குன பத்து வட்டி கடன் இன்னும் முடியல, சீட்டுப் பணத்தை என்ன பண்றது?

கேள்வி: பள்ளிக்கரணை பக்கம் கீழ் வீட்டுல வாடகைக்கு இருக்கோம் சார். நான் இட்லி கடை போடுறேன், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார். 2023 டிசம்பர் புயல்ல இடுப்பளவு தண்ணி வந்து கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஆட்டோ இன்ஜின் எல்லாம் போச்சு. 40,000 பத்து வட்டிக்கு வாங்கி ஒரு வருஷமா வட்டி மட்டும்தான் கட்டுறோம். பொங்கலுக்கு சீட்டுப் பணம் 15,000 வந்திருக்கு, மகளிர் குழுலயும் இருக்கேன். கடனுக்கு கட்டவா, அடுத்த மழைக்கு வச்சுக்கவா?

பதில்: சகோதரி, பத்து வட்டின்னா மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000, வாங்குனதை விட கூடவே கட்டிட்டீங்க, அசல் ஒரு ரூபா கூட குறையல. புயலுக்கு ரேஷன் கடையில குடுத்த 6,000 நிவாரணம் உங்க கணக்குல ஒன்றரை மாச வட்டிதான். 2015 வெள்ளத்துக்கு அப்புறமும் இதையேதான் பாத்தேன், தண்ணி நாலு நாள்ல வடிஞ்சிடுது, அவசரத்துல வாங்குன கடன் வடியவே மாட்டேங்குது, மனசு கஷ்டமா இருக்கு.

முதல்ல இந்தக் கடனை மொத்தமா அடைங்க. சீட்டுப் பணத்துல 10,000 எடுங்க, மீதி 30,000 குழுல கடனா கேளுங்க. நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா முதல் மாச வட்டி 300தான், இப்ப வட்டிக்கு போற அதே 4,000த்தை குழுவுக்கு கட்டுனா எட்டு மாசத்துல முடிஞ்சிடும், பிப்ரவரில ஆரம்பிச்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி கடன் இருக்காது. ரெண்டு ரூபா வட்டின்னாலும் தயங்காதீங்க. பணம் கட்டுற அன்னைக்கே கையெழுத்து போட்ட புரோநோட்டை திரும்ப வாங்கிடுங்க, நாளைக்கு தரேன்னு சொன்னா கட்டாதீங்க.

மிச்சம் 5,000 போஸ்ட் ஆபீஸ் கணக்குல இருக்கட்டும், அது மழைப் பணம், வேற எதுக்கும் தொடாதீங்க, கடன் முடிஞ்சதும் மாசம் ஆயிரமாவது அதுல சேருங்க.

ஆட்டோவுக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும் குடுக்குறது) மட்டும் இருந்தா வெள்ள சேதத்துக்கு ஒரு பைசா வராது, ரினியூவல் அப்போ ஃபுல் இன்சூரன்ஸ், கூடவே இன்ஜின் கவரும் கேளுங்க. தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கயிறு கட்டி இழுத்துட்டு போங்க, ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா சாதாரண பாலிசில கிளெய்ம் நிக்காது. வாடகை வீடா இருந்தாலும் பாரத் கிருஹ ரக்ஷாங்கற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசில சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், வெள்ளமும் அதுல கவர் ஆகும். பில்லெல்லாம் போட்டோ எடுத்து பொண்ணு பையன் போன்லயும் ஒண்ணு அனுப்பி வைங்க, போன தடவை நிறைய பேருக்கு பில்லும் சேர்ந்துதான் நனைஞ்சு போச்சு.