துறைமுகத்துக்கு அருகில் குடியிருக்கிறேன். ஓத அட்டவணையைப் பார்த்தே வெள்ளம் வருமா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

அட்டவணையை மட்டும் வைத்து முடியாது.

நீங்கள் தரைத்தளத்தில் இருப்பீர்கள், ஒருமுறையாவது தண்ணீர் வாசல்வரை வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். பயந்தவர்கள்தான் ஓத அட்டவணையைத் தேடிப் படிப்பார்கள். பதினோரு வருடம் ஒரு துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவியைப் பராமரித்தவன் நான். பொறியாளன் இல்லை. "படிக்காதவன் சொல்கிறான்" என்று யாராவது வருவீர்களானால், நான் சொல்வது கண்ணால் பார்த்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை என்பது நிலவும் சூரியனும் கடலை இழுப்பதை வைத்து முன்கூட்டியே போட்ட கணக்கு. பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம் வரும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அது பெரிதாக இருக்கும். இன்றைக்கு எந்தக் காற்று அடிக்கும் என்பது அந்தக் கணக்கில் கிடையாது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும். கரையை நோக்கி விடாமல் அடிக்கும் காற்று, அதுவும் ஆழம் குறைந்த கடலில், இதைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது கருவி காட்டும் அளவுக்கும் அட்டவணை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏற்ற நேரம் நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குங்கள்.

அப்படியானால் கருவியை நம்பலாமா? இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

எங்கள் கருவி மிதவை வகை. கடலில் இறக்கிய பெரிய குழாய்க்குள் மிதவை ஏறி இறங்கும். குழாயின் அடியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும், அலையின் ஆட்டம் உள்ளே தெரியாமல் இருப்பதற்காக. அந்தத் துளையில் சிப்பியும் பாசியும் பிடித்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் வெளியே கடல் ஏறும்போது உள்ளே மட்டம் பின்தங்கிவிடும். சுத்தம் செய்ய முக்குளிப்பவரை அனுப்பச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமி இரவு, 11.40 மணி. நள்ளிரவைத் தாண்டி 12.50க்கு 1.40 மீட்டர் ஏற்றம் என்று அட்டவணை. 11.40க்கு அட்டவணைப்படி 1.25 இருக்கவேண்டும், கருவியின் திரையில் 1.20. வெளியே போய் டார்ச் அடித்து, சுவரில் பதித்த அளவுக் கம்பத்தைப் பார்த்தேன். பத்து அலைகளின் மேட்டையும் பள்ளத்தையும் குறித்து நடுவை எடுத்தால் 1.70. மூன்று முறை பார்த்தேன், மாறவில்லை. போன் செய்தேன். "கம்ப்யூட்டர் சரியாத்தானே காட்டுது? அலையைப் பார்த்துத் தப்பா எடுத்திருப்பீங்க" என்றார் மேலதிகாரி. திரை அட்டவணையோடு ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது நிமிடத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

அது துறைமுகச் சுவரைத் தாண்டி வரவில்லை. சுவர் காய்ந்துதான் கிடந்தது. மழைநீர் வடிகால் கடலில் விடும் வாயில் ஒருவழிக் கதவு உடைந்திருந்ததால் கடல் அந்த வழியாகவே திரும்பி ஏறி, தெரு மூடிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குப் பின்னால் வீடு நனைந்தது.

இன்னொன்று, எந்தப் பூஜ்யத்திலிருந்து அளக்கிறார்கள் என்று கேளுங்கள். 2019 நவம்பர் 12 அன்று வெனிஸில் 187 செ.மீ. என்று செய்தி வந்ததும் தெருவில் ஆள் உயரத் தண்ணீர் என்று பலர் நினைத்தார்கள். அது 1897ஐ ஒட்டிய ஆண்டுகளின் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து எடுத்த அளவு. அந்த ஊரின் தாழ்வான இடங்களில் ஒன்றான சான் மார்கோ சதுக்கமே அதிலிருந்து சுமார் 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. துறைமுக அட்டவணைகள் பெரும்பாலும் கப்பல்களுக்காகத் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து எண்ணுபவை, வீட்டு மனை வரைபடம் வேறு பூஜ்யத்திலிருந்து. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பாகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரவுக்குப் பிறகு விசாரணை அறிக்கை வந்தது. என் நோட்டில் இருந்த 1.70 அதில் இருந்தது, "கைமுறை அளவீடு" என்று. யார் எடுத்தது என்று ஒரு வரி இல்லை. ஒப்பந்தப் பணியாளர் பெயரைப் போடும் வழக்கமில்லை என்றார்கள். மழையில் நனைந்த பக்கத்தைக் காயவைத்துக் கொடுத்தவன் நான். இன்றும் அது ஆறவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: அடுத்த பெரிய ஏற்றத்தின்போது உங்கள் தெருவிலேயே தாழ்வான வடிகால் மூடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மூடிக்கு எத்தனை செ.மீ. கீழே நிற்கிறது, அதே நிமிடம் கருவி என்ன காட்டுகிறது, இரண்டையும் எழுதி வையுங்கள். நான்கைந்து முறை எழுதினால், கருவியில் எந்த எண் வரும்போது உங்கள் தெரு நனையும் என்று தெரிந்துவிடும். காற்று பலமாக அடிக்கிற இரவில் திரையில் கோடு அட்டவணையை ஒட்டியே வழவழவென்று போனால், கம்பத்தையும் போய்ப் பாருங்கள்.