யாழ்ப்பாணத்தில் சாதாரண சனம் கவிதையை எங்கே பாவிக்கிறது?

‘கவிதை, சிலேடை எல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்குத்தானே, சாதாரண சனம் அதை எங்கே பாவிக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளிநாட்டில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அல்லது இன்னும் ஒரு செத்தவீட்டையும் பொறுப்பெடுத்து நடத்தாதவர். நடத்தியிருந்தால் கல்வெட்டு என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் கல்லில் வெட்டியதை நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. தேவாரம், இறந்தவரின் வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாம் பாட்டில். பத்து வருசம் மாமனாரோடு கதைக்காத மருமகனும் அதில் எதுகை மோனையோடு அழுவார். எழுதியது அவர் இல்லை, ஊரில் உள்ள ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கூலி பெரும்பாலும் ஒரு தேத்தண்ணியும் ஒரு சீப்புக் கதலிப்பழமும். இதையெல்லாம் இலக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் கவிதைப் புத்தகமே வாங்காத வீட்டிலும் நாலு கல்வெட்டு இருக்கும். நூலகம் இணையத் தளத்தில் நினைவு மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

அதில் என் கதைக்கு வேண்டியது ஒரு பக்கம்தான்: திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாவற்றையும் நாலு அடிக்குள் அடைத்து வைப்பது. என் அம்மப்பாவுக்கு 1988இல் எழுதியது இது:

ஆண்டு பிரபவம் மாசி வளர்பிறையில்
நீண்ட தசமி நிறைநாளில் – ஈண்டெமது
தோட்டத் துலாமிதித்த தூயகால் ஓய்வுற்று
வீட்டை அடைந்தார் விரைந்து

‘நீண்ட’, ‘நிறை’, ‘தூய’ எல்லாம் இடம் நிரப்ப வந்த சொற்கள். எனக்கும் தெரியும். ஆனால் அம்மப்பா உண்மையிலேயே துலா மிதித்து புகையிலைக்குத் தண்ணி இறைத்தவர். கடைசி அடியில் வாத்தியார் ‘வீடு’ என்று மோட்சத்தைச் சொன்னார். எங்கள் பேச்சில் ‘வீட்டை போறன்’ என்றால் வீட்டுக்குப் போகிறேன் என்று பொருள். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் மாமா படலையில் நின்று ‘வீட்டை அடைந்தார் விரைந்து’ என்பார். அம்மம்மா முதலில் ஏசினா. பிறகு அவவே கள்ளுத் தவறணைப் பக்கம் போகாமல் நேரத்துக்கு வந்த பெரியப்பாவைப் பார்த்து அதைச் சொல்லத் தொடங்கினா. செத்தவீட்டுப் பாட்டு எங்கள் வீட்டில் பகிடியாகிவிட்டது. மரியாதை இல்லை என்பவர்கள் அம்மம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், இப்போது அவவும் இல்லை.

1995 ஒக்டோபர் 30. ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. நாங்களும் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், மழையில் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்வெட்டு பெட்டகத்தில் கிடந்தது. பெட்டகம் வீட்டில். அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பெட்டகமும் இல்லை, கூரையில் ஓடும் இல்லை.

இடையில் மாசி வந்தது. மாமா திவசம் செய்ய வேண்டும். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இரண்டு மேசைக்கு நடுவில் நாங்கள் இருக்க, வந்த ஐயர் திதி கேட்டார்.

“ஏகாதசி. எனக்குத் தெரியாதே?” என்றா அம்மம்மா.

“இல்லையம்மா, பாட்டிலை தசமி எண்டெல்லோ வரும்,” என்றா அம்மா.

“பாட்டிலை நீ மாறிச் சொல்லுறாய் பிள்ளை.”

மாமா கொஞ்சம் யாப்புப் படித்தவர். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, ஏகாதசியை உதுக்குள்ளை வைச்சால் பாட்டு உடைஞ்சு போம்,” என்றார். அவர் சொன்னது சரி. ஏகாதசியை அசை பிரித்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி என்ற கனிச்சீர். வெண்பாவில் கனிச்சீருக்கு இடமே இல்லை. அதோடு ‘நீண்ட’ என்ற மாச்சீருக்குப் பின்னால் நிரைதான் வர வேண்டும், ‘ஏ’ நேர். தசமி அச்சாக உட்காரும். அம்மம்மா தானும் ஒருமுறை ஏகாதசியை வைத்துச் சொல்லிப் பார்த்தா. நாக்கு இடறியது. “சரி, தசமியாக்கும்,” என்றா.

‘நவமியும் அதே இடத்தில் பொருந்துமே’ என்று ஒருவர் கீழே எழுதுவார். பொருந்தும் ஐயா. எங்கள் வீட்டுச் சண்டை தசமிக்கும் ஏகாதசிக்கும்தான்.

இப்போது கல்வெட்டு என்று கேட்டால் அச்சகத்தில் மினுமினுப்புத் தாளையும் படங்களையும்தான் காட்டுகிறார்கள். போதாததற்கு ஆளுயரக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதை ஒட்டுவதற்கு ஊரில் வேறு மதில் கிடையாதாம், சித்திரைக்கு நான் வெள்ளையடித்த மதில்தான். போன மாதம் மட்டும் மூன்று. செத்தவரின் முகத்தை எப்படிக் கிழிப்பது? மழைதான் கழுவ வேண்டும். சரி, இது நீங்கள் கேட்காத விசயம்.

2025 ஆவணியில் பக்கத்து வீட்டு ரீச்சர் இறந்தபோது நான்தான் திதி வெண்பா எழுதினேன். அந்த வருசப் பெயர் விசுவாவசு. நிரை நேர் நிரை, அதுவும் கனி! ஒரு இரவு முழுக்க யோசித்து, பழைய புலவர்கள் செய்வதுபோல் பெயரை இரண்டாக வெட்டி ‘விசுவா வசுவாண்டில்’ என்று வைத்தேன். ரொறன்ரோவில் இருக்கும் மகன், குடும்பப் படத்துக்கு இடம் காணாது, பாட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கடைசியில் பின் அட்டையில் சின்ன எழுத்தில் போட்டார்கள்.

பிறகு ஒருநாள் அவரே தொலைபேசியில் வந்தார். “அண்ணை, அம்மாவின்ரை ஆட்டைத் திவசத்துக்கு இப்பவே மண்டபம் எடுக்க வேணும். திதி என்ன?”

“கல்வெட்டின்ரை பின் அட்டையைத் திருப்பிப் பாரும்.”

தாள் புரளும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

“இதிலை விசுவா எண்டு ஒராளின்ரை பேர் கிடக்கு. அது ஆர் அண்ணை?”