கேள்வி: குற்ற வழக்கு நடக்கிற விதத்துல நம்ம ஊருக்கும் வெளிநாட்டுக்கும் பெரிய வித்தியாசம் எது?

இத கேட்டா எல்லாரும் தூக்கு தண்டனை, நார்வே ஜெயில்னு ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு தெரிஞ்சு வித்தியாசமே பெயில் கிடைச்சதுக்கு அப்புறம்தான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல எங்க பக்கத்து பிளாக் பையன், ஆட்டோ ஓட்டுறவன், அடிதடி கேஸ்ல உள்ள போயிட்டான். பத்தாவது நாளே பெயில் ஆர்டர் வந்துடுச்சு, ஆனா வெளிய வர இன்னும் 12 நாள் ஆச்சு, ஏன்னா ரெண்டு ஷ்யூரிட்டி வேணும், அதாவது இவன் கோர்ட்டுக்கு வரலைன்னா பணம் நான் கட்டுறேன்னு ஜாமீன் நிக்கிற ஆள், அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும். அவங்க அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து தெருவுல விக்கிறவங்க. வீடு செத்துப்போன தாத்தா பேர்ல, ரேஷன் கார்டுல பழைய அட்ரஸ். "பெத்தவ நானே நிக்கிறேன் சார், இன்னா சொந்தம் வேணும்"னு கேட்டுச்சு அந்தக்கா, யார் காதுலயும் விழல. ரெண்டாவது ஆளா நான் போனேன், ஆதார்ல இனிஷியல் மட்டும் இருக்கு, வீட்டு வரி ரசீதுல அப்பா பேர் முழுசா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெளிய ஜெராக்ஸ் கடையாண்ட ஒருத்தர் மெதுவா வந்து, "தம்பி, ஷ்யூரிட்டிக்கு ஆள் வேணுமா, நாலாயிரம் ஆவும்"ன்றார்.

இங்கிலாந்துல ஷ்யூரிட்டி நிக்கிறவருக்கு நஷ்டம் வந்தா நான் ஈடுகட்டுறேன்னு பேசி வெச்சுக்கிறதே குற்றம், 1976 பெயில் சட்டம். அங்க குற்றம் சாட்டப்பட்டவன், வரலைன்னா இவ்ளோ பணம் கட்டுறேன்னு பாண்டும் எழுத வேணாம், சொன்ன தேதிக்கு வரலைன்னா அது தனி கேஸ், அவ்ளோதான். அமெரிக்கால தலைகீழ், நம்ம ஜெராக்ஸ் கடை ஆளு அங்க பல மாநிலத்துல லைசென்ஸ் வாங்கி போர்டு மாட்டி உக்காந்திருப்பாரு, பெரும்பாலும் பெயில் தொகைல 10 சதவீதம் எடுத்துப்பாரு, அது திரும்பி வராது. இல்லினாய் மாநிலம் மட்டும் 2023 செப்டம்பர்ல பணம் கட்டுற பெயிலையே தூக்கிடுச்சு.

ஏழைக்கு வழி நம்ம சட்டத்துல இல்லாமலும் இல்ல. மத்திய பிரதேசத்துல மோதி ராம்னு ஒரு கொத்தனார், 10,000 ரூபாய்க்கு ஷ்யூரிட்டி கேட்டாங்க, கூடப்பிறந்தவர் வேற மாவட்டம்னு சொல்லி அவரை மாஜிஸ்திரேட் ஏத்துக்கல. 1978ல சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்கு சொந்த பாண்ட் போதும்னு விட்டுட்டார். 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே இன்னொன்னும் சொல்லிடுச்சு, பெயில் கிடைச்சு 7 நாள்ல ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் சூப்பரின்டென்டென்டே ஏழைங்களுக்கு இலவச சட்ட உதவி பண்ற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தகவல் கொடுக்கணும், ஒரு மாசம் ஆகியும் பாண்ட் கொடுக்க முடியலைன்னா கண்டிஷனை குறைக்கலாமான்னு கோர்ட்டே பாக்கலாம்னு. எங்க வக்கீல் இத பத்தி வாயே திறக்கல, நான் பையன் வந்தப்புறம்தான் படிச்சேன்.

அவன் யார் ஷ்யூரிட்டில வந்தான்னு மட்டும் கேக்காதீங்க, அந்தக்கா மூக்குத்தி இப்ப அடகு கடைல இருக்கு. தினம் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து வேற, பாதி நாள் சவாரி அதுலயே போகுது.